பெயர் சுமக்கும் சுவர்கள்

இங்கிலாந்தின் பங்குக் கோயில்கள் – 6

1462ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். லண்டன் டவர் சிறையிலிருந்து கைதிகள் ஒருவர் பின் ஒருவராக வெளியே கொண்டுவரப்பட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் 12ஆம் எர்ல் ஜான் டி வேர், அவருடைய மூத்த மகன் ஆப்ரி, சர் தாமஸ் டடன்ஹாம், இன்னும் சிலர். துரத்தப்பட்ட அரசி, ஆஞ்சு மார்கரெட்டோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் கட்சிகள் மோதிய ரோஜாப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம். யார்க் கட்சியின் நான்காம் எட்வர்டு அரியணையில் உட்கார்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரக்கத்துக்கு இடமில்லை. எல்லார் தலையும் போனது.

அதே குற்றச்சாட்டில் அதே சிறையில் இருந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். சஃபோக் மாவட்டத்து நிலக்கிழார் ஜான் க்ளாப்டன். அரசரோடு சமாதானம் செய்துகொண்டு கென்ட்வெல்லில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பிறகு 35 ஆண்டுகள் வாழ்ந்தார். தன் கட்சியான லங்காஸ்டர் தரப்பு 1485இல் பாஸ்வொர்த் களத்தில் வென்றதையும் பார்த்துவிட்டு, 1497இல் படுக்கையில் கிடந்து செத்தார். அந்தத் தலைமுறைப் பிரபுக்களில் அப்படிச் சாகக் கொடுத்துவைத்தவர்கள் அதிகமில்லை.

அந்த 35 ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் செய்த வேலைதான் இந்த இதழின் கதை: லாங் மெல்ஃபர்ட் ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயம்.

போன இதழில் பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் துறவு மடத்தின் வாழ்வையும் வீழ்ச்சியையும் பார்த்தோம். மெல்ஃபர்ட் அந்த மடத்துக்குச் சொந்தமான ஊர். நார்மன்கள் வருவதற்கு முன்பே ஒரு சாக்ஸன் எர்ல் இதை மடத்துக்கு எழுதிவைத்துவிட்டார். பங்குச் சாமியாரை நியமிக்கும் உரிமையும் மடாதிபதிக்கே. அவர் ஓய்வுக்கு வந்து தங்க இங்கே ஒரு மாளிகையும் இருந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் கோயிலை எழுப்பியது மடத்தின் காசல்ல, துணிக் காசு.

இங்கிலாந்தின் செல்வம் ஆட்டின் முதுகில் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பதினான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு அது பாதி உண்மைதான். போர்ச் செலவுக்காக அரசர்கள் கம்பளி ஏற்றுமதிக்குக் கடுமையான சுங்கம் விதித்தார்கள். நெய்த துணிக்கோ சுங்கம் மிகக் குறைவு. வியாபாரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கம்பளியாக விற்பதை விட்டுத் துணியாக நெய்து விற்க ஆரம்பித்தார்கள். ஸ்டௌர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சட்பரி, லாவன்ஹாம், மெல்ஃபர்ட் என்று ஊருக்கு ஊர் தறி. துணி முதலாளி கம்பளி வாங்குவார். நூற்பதற்கு வீடு வீடாகப் பெண்களிடம் கொடுப்பார். நூலை நெசவாளியிடம் கொடுப்பார். நெய்ததை ஆற்றங்கரை ஆலைக்கு அனுப்பி மிதித்து இறுக்கி, சாயம் ஏற்றி, லண்டன் வியாபாரிக்கு அனுப்புவார். பெரிய நகரங்களில் தொழில் சங்கங்களின் கெடுபிடி அதிகம். மெல்ஃபர்ட் போன்ற நீளத் தெரு ஊர்களில் அது கிடையாது. இரண்டே தலைமுறையில் மார்ட்டின் போன்ற குடும்பங்கள் நிலக்கிழார்களோடு சம்பந்தம் பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டன.

பணம் இருந்தது. கூடவே பயமும் இருந்தது. 1348, 49இல் வந்த கொள்ளைநோய் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போனது; அதன்பிறகும் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வந்தது. நேற்று சந்தையில் பார்த்தவர் இன்று குழியில். செத்தபின் என்ன என்ற கேள்விக்குத் திருச்சபை தெளிவாகப் பதில் வைத்திருந்தது: நேராக மோட்சம் போகிறவர்கள் சிலர், நரகம் போகிறவர்கள் சிலர், மீதி எல்லாரும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்து தணிய வேண்டும். அங்கே இருக்கும் காலத்தைக் குறைக்க உயிரோடிருப்பவர்களின் செபமும் பூசையும் உதவும். ஆகவே வசதியுள்ளவர் உயில் எழுதும்போது கோயிலுக்கு ஒரு தொகை ஒதுக்காமல் இருக்கமாட்டார். கோயிலுக்குக் கொடுத்தால் ஊர் நினைக்கும். ஊர் நினைத்தால் செபிக்கும்.

மெல்ஃபர்டில் இந்தப் பணமெல்லாம் யார் கையில் வந்து சேர்ந்தது என்பதுதான் சுவாரசியம். க்ளாப்டன் தன் காசை மட்டும் போட்டுக் கட்டவில்லை. ஊரில் செத்துப்போன பணக்காரர்கள் பலருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆளுக்கு இரண்டு வளைவு, ஒரு சன்னல், ஒரு கூரைப் பகுதி என்று பங்குபோட்டு வேலையை நடத்தினார். ஏறத்தாழ 1460களில் தொடங்கிய வேலை 1490களின் நடுவில் முடிந்தது. மகாராஜா கட்டிய கோயில் என்று இதைச் சொல்ல முடியாது. செத்தவர்கள் பணம் போட, பிழைத்த ஒருவர் மேஸ்திரி வேலை பார்த்த கோயில் இது.

கட்டடத்துக்கு வருவோம். கிழக்கு இங்கிலாந்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. வேண்டுமென்றால் தொலைவிலிருந்து படகில் வரவேண்டும், செலவு தாளாது. உள்ளூரில் தோண்டினால் கிடைப்பது சுண்ணாம்பு மண்ணுக்குள் முண்டும் முடிச்சுமாய்க் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல். வெளியே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கண்ணாடிபோல் வழவழக்கும் கறுப்பு. செதுக்கிச் சிலை செய்ய ஆகாது. மூலைக்கல்லாக வைக்கவும் ஆகாது. இந்தக் குறையையே அந்த ஊர்க் கொத்தர்கள் கலையாக மாற்றினார்கள். இறக்குமதிச் சுண்ணாம்புக் கல்லைக் கம்பிக் கோலம்போல் வெட்டிச் சட்டம் அமைத்து, இடைவெளிகளில் உடைத்த சிக்கிமுக்கிக் கல்லைக் கறுப்பு முகம் வெளியே தெரியும்படி, சட்டத்தோடு ஒரே மட்டமாகப் பதித்தார்கள். வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை. தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது. மழை பெய்து ஓய்ந்தபின் வெயில் பட்டால் சுவர் மினுங்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வேறெங்கும் இந்த வேலையை இத்தனை நுட்பமாகச் செய்யவில்லை என்பது என் துணிபு.

பாணி, கலை வரலாற்றாசிரியர்கள் பெர்பெண்டிகுலர் என்று அழைப்பது. கோத்திக் கலை பிரான்சில் கொழுந்துவிட்டெரியும் சுடர்போல வளைந்து நெளிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இங்கிலாந்துக்காரர்கள் எதிர்த் திசையில் போனார்கள்: நேர்க்கோடு, செங்குத்துக் கம்பி, சட்டம் சட்டமாய்ப் பிரித்த பெரிய சன்னல். சுவர் சுருங்கச் சுருங்கக் கண்ணாடி பெருகியது. மெல்ஃபர்டில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தையும் பூசைப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வளைவு இங்கே இல்லை. மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரே கூரை, ஒன்பது வளைவுகள், 150 அடிக்கு மேல் நீளம். பங்குக் கோயில்களில் இதற்கு ஈடான நீளம் நாட்டில் அரிது. வளைவுகளுக்கு மேலே வரிசையாகச் சன்னல்கள், வளைவுக்கு இரண்டு வீதம். மேற்குப் பக்கத்து வளைவுகள் சில பழைய கோயிலிலிருந்து எஞ்சியவை. புதுச் சுவர்களுக்கு நடுவே அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். காசை எங்கே கொட்ட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

வாசகர்கள் யாராவது அங்கே போனால், வாசலைக் கண்டதும் உள்ளே நுழைந்துவிட வேண்டாம். வெளியே ஒரு சுற்று நடக்க வேண்டும். சுவரின் உச்சியில் எழுத்து ஓடுகிறது. அதே சிக்கிமுக்கிக் கல், அதே சுண்ணாம்புக் கல். ஒவ்வொன்றும் ஒரு வேண்டுகோள். தொடக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இன்னாருடைய ஆன்மாவுக்காகச் செபியுங்கள். அதன்பின் யார், மனைவி யார், எதற்குக் காசு கொடுத்தார், எந்த ஆண்டு. ரோஜர் மோரியல், அவருடைய மனைவியர் மார்கரெட், கேத்தரின்: ஆறு வளைவுகள் புதுப்பித்தது, உயர் பீடத்தின் பின்பலகை, 1481. நடத்தி முடித்தவர்கள்: மேற்படி கேத்தரின், ஜான் க்ளாப்டன், வில்லியம் க்வேட்டிஸ், ஜான் ஸ்மித். லாரன்ஸ் மார்ட்டின், அவருடைய மனைவி, மக்கள்: அவர்கள் பக்கத்து வேலை, 1484. முன்பு பங்குச் சாமியாராக இருந்த ஜைல்ஸ் டெண்ட் போட்ட காசில் ஒரு வளைவு, அதன் கண்ணாடி, முகமண்டபத்து வேலை.

நம் ஊர்க் கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று எழுதி, விளக்கைவிடப் பெயரைப் பெரிதாகப் போடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மெல்ஃபர்டில் கட்டடமே உபயப் பலகை. ஆனால் படித்துக்கொண்டே போனால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. இரண்டாம் மனைவி தன் பெயருக்கு முன்னால் மூத்தாள் பெயரை மறக்காமல் போட்டிருக்கிறார். கடைசியில் கிழக்கு மூலையில் உள்ள மாதா சிற்றாலயத்துக்கு வந்தால் இன்னொரு பெயர்: ரிச்சர்டு லவ்டே. க்ளாப்டன் வீட்டில் மதுக்கிடங்குப் பொறுப்பில் இருந்த பணியாள். அவர் விட்டுச் சென்ற காசில்தான் இந்தச் சிற்றாலயத்தின் கைப்பிடிச் சுவர் கட்டப்பட்டதாம். முதலாளி பெயரும் வேலையாள் பெயரும் ஒரே வரியில், ஒரே உயரத்தில்.

அதே வரி முடிவதற்குள் க்ளாப்டன் தன் தந்தை வில்லியமையும், அவர் மணந்த மார்ஜரி, மார்ஜரி என்ற ஒரே பெயருடைய இரு மனைவியரையும், தன் மனைவியையும், பிள்ளைகளையும், தான் செபிக்கக் கடமைப்பட்ட எல்லா ஆன்மாக்களையும் சேர்த்துவிடுகிறார். ஆண்டு 1496. கடைசியாக லத்தீனில் ஒரு குறிப்பு: புகழ் தேட இதையெல்லாம் எழுதி வைக்கவில்லை, ஆன்மா நினைக்கப்பட வேண்டும் என்றே வைத்தேன், கிறிஸ்துவே சாட்சி என்பது அதன் சாரம். ஊரார் என்ன பேசுவார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது!

உள்ளே போகலாம். வடகிழக்கு மூலையில் க்ளாப்டனின் சொந்தச் சிற்றாலயம். அவர் ஆன்மாவுக்காக ஒரு குரு பூசை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அமைத்தது. நுழைவதற்கு முன் ஒரு சிறிய அறை. குருவுக்குக் குளிர்காயக் கணப்புகூட வைத்திருக்கிறார்கள். உள்ளே சுவரின் மேல் விளிம்பைச் சுற்றி மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய சுருள் ஒன்று ஓடுகிறது. அதில் எழுதியிருப்பது பரி மடத்துத் துறவி ஜான் லிட்கேட்டின் ஆங்கிலக் கவிதை. லிட்கேட் அக்காலத்தில் நாடறிந்த கவிஞர். ஒரு கவிஞரின் வரிகளை வேதவாக்கியம்போல் சுவரில் ஏற்றிவைத்த பங்குக் கோயில் இங்கிலாந்தில் வேறு எத்தனை இருக்கும்?

க்ளாப்டனின் கல்லறை இந்தச் சிற்றாலயத்துக்கும் உயர் பீடத்துக்கும் நடுவே, சுவரைத் துளைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. இடத்தேர்வில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பெரிய வெள்ளியன்று நற்கருணையைக் கல்லறையில் வைப்பதுபோல் வைத்து, உயிர்ப்பு ஞாயிறு காலையில் வெளியே எடுப்பது அன்றைய வழக்கம். அதற்கு ஒரு மேடை தேவை. க்ளாப்டன் தன் கல்லறை மேடையையே அதற்குக் கொடுத்தார். ஆண்டுக்கொரு முறை ஆண்டவர் தன் எலும்புகளுக்கு மேலே கிடந்து எழுவார். தலைக்கு மேலே வளைவின் அடிப்பக்கத்தில் உயிர்த்தெழும் கிறிஸ்துவின் ஓவியம். பக்கங்களில் க்ளாப்டனும் மனைவியும் பிள்ளைகளும் மண்டியிட்டிருக்கிறார்கள். வண்ணம் மங்கினாலும் இன்னும் அடையாளம் தெரிகிறது. தலை தப்பியவர் தன் இரண்டாவது விசாரணைக்கு எவ்வளவு கவனமாகத் தயார் செய்திருக்கிறார் என்பதை அந்த ஓவியத்துக்குக் கீழே நின்றால் புரிந்துகொள்ளலாம்.

கண்ணாடிகளைப் பற்றித் தனி இதழே எழுதலாம். ஒரு காலத்தில் மேல் சன்னல்கள் முழுக்க க்ளாப்டனின் உறவினர்கள், நண்பர்கள், நீதிபதிகள், பிரபுக்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வண்ணக் கண்ணாடியில் மண்டியிட்டிருந்தார்கள். எஞ்சியவற்றில் பல இப்போது வடக்குப் பக்கத்தில், பார்வைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. அதில் ஒருவர் நார்ஃபோக் டச்சஸ் எலிசபெத். இவருடைய மகள் ஆன் மௌப்ரே ஐந்து வயதில் நான்காம் எட்வர்டின் இளைய மகனுக்கு மணமுடிக்கப்பட்டு, எட்டு வயதில் இறந்துபோனாள். அந்தச் சின்ன மாப்பிள்ளைதான் பிறகு லண்டன் டவரில் அண்ணனோடு காணாமல்போன இளவரசர். இவ்வளவு பெரிய துயரக் கதை இருக்க, ஊர்க்காரர்கள் இந்த அம்மாளைக் காட்டிச் சொல்வது வேறு: ஆலிஸின் அற்புத உலகத்துக்கு ஓவியர் டெனியல் வரைந்த ராணிப் படத்துக்கு இவர்தான் மாதிரியாம். தலையலங்காரத்தைப் பார்த்தால் பொருத்தம் இருக்கிறது. மற்றபடி இதை நான் நம்பவில்லை.

வடக்கு வாசலுக்கு மேலே கையளவு வட்டக் கண்ணாடி ஒன்று. மூன்று முயல்கள் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. மொத்தம் மூன்றே காதுகள். ஆனால் எந்த முயலைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு காது. இதே சித்திரம் சீனாவின் துன்ஹுவாங் குகைகளின் கூரையில், மெல்ஃபர்ட் முயல்களுக்குச் சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. பட்டுப் பாதையின் துணிகளோடும் பாத்திரங்களோடும் மேற்கே வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. இன்னொரு சன்னலில் சிலுவைக்குப் பதில் லில்லிச் செடியில் அறையப்பட்ட கிறிஸ்து. இங்கிலாந்தில் அரிதாகவே எஞ்சியிருக்கும் வடிவம்.

இதெல்லாம் எஞ்சியது. இருந்தது என்ன?

அதைத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறார். வேறு எந்தக் கிராமத்துக் கோயிலுக்கும் இப்படி ஒருவர் வாய்த்ததாக எனக்குத் தெரியாது. சுவரில் 1484 என்று பெயர் பொறித்த அதே மார்ட்டின் குடும்பத்தில், சுமார் 1527இல் பிறந்தவர் ரோஜர் மார்ட்டின். சிறுவனாக இருந்தபோது பழைய வழிபாடு முழுசாக நடந்துகொண்டிருந்தது. அவர் வளர்வதற்குள் எல்லாம் மாறியது. எட்டாம் ஹென்றி போப்பை உதறினார். 1539இல் பரி மடம் மூடப்பட்டது. ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547இல், ஆன்மாக்களுக்காகப் பூசை வைக்கும் மானியங்கள் அனைத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. சுரூபங்களை இறக்கச் சொல்லி ஆணை வந்தது. மேரி அரசி ஐந்தாண்டு பழையபடி கொண்டுவந்தார். எலிசபெத் மறுபடியும் அதை நீக்கினார். மார்ட்டின் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்து 1615இல் இறந்தார். முதுமையில் உட்கார்ந்து, தான் சின்ன வயதில் பார்த்த மெல்ஃபர்ட் கோயில் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தார்.

உயர் பீடத்தின் பின்னால், ஒரே பெருமரத்தில் செதுக்கிய திருப்பாடுகள் காட்சி. கல்வாரி மலை, குதிரை வீரர்கள், வாளேந்திய காலாட்கள், அத்தனையும் பொன் பூசியது. தூசு படாமல் மூட வண்ணம் தீட்டிய பலகைக் கதவுகள். பெருநாட்களில் மட்டும் திறப்பார்கள். கல்வெட்டு சொல்லும் 1481ஆம் ஆண்டுப் பின்பலகை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். கோயிலின் அகலம் முழுவதும் குறுக்கே ஒரு மரப் பரண், அதன்மேல் சிலுவையில் கிறிஸ்து, இருபுறமும் மரியாளும் யோவானும், பக்கத்தில் ஆர்கன். பெரிய வெள்ளியன்று குரு அங்கே நின்று பாடுகளின் வரலாற்றைப் பாடுவார். பரணின் முகப்பில் பன்னிரண்டு சீடர்களின் ஓவியம். கூரை முழுக்கப் பொன் நட்சத்திரம். 1529இல் எடுத்த கோயில் சொத்துப் பட்டியலைப் பார்த்தால் மாதா சுரூபத்துக்கு உடுத்தும் அங்கிகள்கூட அதில் வருகின்றன.

குருத்தோலை ஞாயிறைப் பற்றி மார்ட்டின் எழுதியிருப்பது கண்முன் நடப்பதுபோல் இருக்கிறது. நாலு பேர் பிடிக்கும் விதானத்தின்கீழ் நற்கருணையைக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி எடுத்துவருவார்கள். மக்கள் கூட்டம் மேற்கே போகும். நற்கருணை கிழக்கே போகும். கூட்டம் க்ளாப்டன் பக்கத்து வாசலுக்கு எதிரே வரும்போது, நற்கருணை சிறு மணியோசையோடு மாதா சிற்றாலயத்தின் கிழக்கு முனையில் தோன்றும். அந்த நொடியில் வாசல் மேலிருக்கும் சிறு கோபுரத்தில் நிற்கும் ஒரு பையன், கையிலுள்ள ஏதோ ஒன்றால் அதைச் சுட்டிக்காட்டி, இதோ உன் அரசர் வருகிறார் என்று லத்தீனில் பாடுவான். எல்லாரும் முழந்தாளிடுவார்கள். பிறகு இரு கூட்டமும் சேர்ந்து பாடிக்கொண்டே உள்ளே நுழைய, முகமண்டபத்தருகே மேலிருந்து பூவும் மெல்லிய அப்பமும் பையன்கள் மேல் விழும். பொறுக்கியவர்களில் மார்ட்டினும் இருந்திருப்பார்.

விழா கோயிலோடு முடிவதில்லை. கோடைத் திருநாள் இரவுகளில் அவருடைய தாத்தா வீட்டு வாசலில் சொக்கப்பனை எரியும். ஒரு தொட்டி நிறைய ஏல் மது, ஏழைகளுக்கு ரொட்டி. புனித தாமஸ் திருநாளுக்கு முந்தின இரவு இறைச்சி விலக்கு நாளாக இல்லாவிட்டால் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட நீளமான பணியாரமும் பட்டாணிக் காயும் பலகையில் பரப்பப்படும். அண்டை வீட்டு ஏழைகளில் மரியாதைக்குரிய சிலரைக் கூப்பிட்டுத் தாத்தா தன் பந்தியிலேயே உட்காரவைப்பாராம். ‘மரியாதைக்குரிய சிலரை’ என்பதைக் கவனியுங்கள். பழைய காலத்தைப் போற்றுகிறவர் என்றாலும் மார்ட்டின் பொய் சொல்கிறவர் அல்ல.

தங்கள் பக்கத்துப் பீடத்தில் இருந்த சிலுவைப் பலகையை அவர் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். சிதைந்துபோயிருந்தது. என் வாரிசுகள் என்றாவது இதைச் சீர்செய்து பழைய இடத்தில் வைப்பார்கள் என்று நம்புகிறேன் என்கிறார். அது நடக்கவில்லை. ஆனால் வேறொன்று தப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பூசைப் பகுதியின் தரைக்குக் கீழே ஓர் அலபாஸ்டர் பலகை கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டு வேலை. மூன்று ராஜாக்கள் காணிக்கை கொண்டுவரும் காட்சி. மரியாள் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள், கால்மாட்டில் சூசையப்பர், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு மாடுகள் தலையை நீட்டிப் பார்க்கின்றன. உடைக்க வந்தவர்களிடமிருந்து காப்பாற்ற யாரோ புதைத்திருக்கிறார்கள். இப்போது சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பெரிய கோயிலில் அந்தச் சின்னப் பலகைக்கு முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

எலிசபெத் காலத்து மெல்ஃபர்டின் பெரிய மனிதர் வேறு ரகம். வழக்கறிஞராகத் தொடங்கி நாடாளுமன்ற அவைத் தலைவராகவும் உயர் நீதிப் பதவியிலும் இருந்த சர் வில்லியம் கார்டல். மடாதிபதியின் பழைய நிலத்தைப் பெற்று மெல்ஃபர்ட் ஹால் மாளிகையைத் தனதாக்கிக்கொண்டார். 1578இல் எலிசபெத் அரசியே அங்கே விருந்துக்கு வந்தார். அதற்கு முன்பே 1573இல் கார்டல் கோயிலுக்கு எதிரே பன்னிரண்டு ஏழை முதியவர்களுக்கு இல்லம் கட்டிக்கொடுத்தார். உயர் பீடத்தருகே இவருடைய கல்லறை ஆடம்பரமாக நிற்கிறது. க்ளாப்டன் கல்லறைக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனால் ஒரு வித்தியாசம்: எனக்காகச் செபியுங்கள் என்று கேட்க இவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே சாதனைகளைச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். நற்குணங்களைப் பெண் உருவங்களாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு க்ளாப்டனின் பயம்தான் பிடித்திருக்கிறது.

1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது இந்தப் பள்ளத்தாக்கு கொந்தளித்தது. துணித் தொழில் படுத்து, வேலையில்லாமல் இருந்த கூட்டம் மெல்ஃபர்ட் ஹாலைச் சூறையாடியது. அப்போது அது கத்தோலிக்கப் பெண்மணியான ரிவர்ஸ் சீமாட்டியின் வசம் இருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாடாளுமன்றத்தின் ஆணைப்படி சஃபோக் முழுவதும் கோயில் கோயிலாகப் படங்களும் சிலுவைகளும் உடைக்கப்பட்டன. ஆன்மாக்களுக்காகச் செபிக்கக் கேட்கும் வாசகங்களைப் பித்தளைத் தகடுகளிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். மெல்ஃபர்டின் சுவர் எழுத்து தப்பியதற்குக் காரணம் எளிது: அது சுவரில் ஒட்டியதல்ல, சுவரே அதுதான். அழிக்க வேண்டுமானால் கைப்பிடிச் சுவரையே இறக்க வேண்டும். இறக்கினால் மறுபடி கட்டுகிற கூலியை யார் கொடுப்பது? தடைசெய்யப்பட்ட வேண்டுதலுக்குக் கீழேயே நடந்து போய்த்தான் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புதிய பிரசங்கம் கேட்டார்கள்.

மாதா சிற்றாலயத்தின் கதி வேடிக்கையானது. பிரதான கோயிலின் கிழக்கு முனையில் மூன்று முக்கோணக் கூரைகளோடு தனி வீடுபோல் நிற்கும் கட்டடம் அது. நடுவில் பீட அறை, அதைச் சுற்றி வலம்வரும் பாதை. இப்படி ஓர் அமைப்பு ஆங்கிலேயப் பங்குக் கோயில்களில் காணக் கிடைக்காது. மாதா பக்தி போனபின் இதை என்ன செய்வது? பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். சுவரில் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் இருக்கிறது. க்ளாப்டன் தன் உறவினர் ஆன்மாக்களை எண்ணிய இடத்தில் பிள்ளைகள் ஈராறு பன்னிரண்டு சொன்னார்கள். கூரை தப்பியது அந்தப் பிள்ளைகள் புண்ணியம்.

கோபுரத்துக்கு அந்த யோகம் இல்லை. 1710 வாக்கில் இடி விழுந்து பாழானது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதே இடத்தில் செங்கல் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். கல்லும் சிக்கிமுக்கியுமான கோயிலுக்கு அது ஒட்டவேயில்லை. 1898க்கும் 1903க்கும் இடையே ஜி. எஃப். போட்லி என்ற கட்டடக் கலைஞர் செங்கல்லை இடிக்காமல், அதைச் சுற்றியே கல்லும் சிக்கிமுக்கியும் போர்த்தி, நான்கு முனைக் கூம்புகள் வைத்து இப்போதைய கோபுரத்தை அமைத்தார். நல்ல வேலை. இருந்தாலும் தெற்குச் சுவரையும் கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால், எது 1480, எது 1900 என்று தெரிந்துவிடுகிறது. பழைய கொத்தர்களின் கையில் இருந்த சின்னச் சின்னப் பிசகுகள் போட்லியின் ஆட்களிடம் இல்லை.

முதல் உலகப் போரில் பிழைத்துவந்த கவிஞர் எட்மண்ட் பிளண்டன் கடைசிக் காலத்தில் இந்த ஊரில் குடியிருந்தார். 1974இல் இறந்து இந்தக் கோயில் தோட்டத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

லண்டன் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி மார்க்ஸ் டேயில் மாறினால் சட்பரி. அங்கிருந்து மெல்ஃபர்ட் மூன்று மைல். பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், எழுத்துகள் உயரத்தில் இருக்கின்றன. தெற்குப் பக்கம் வெயில் இருக்கும்போது படிப்பது நல்லது. அடுத்த இதழில் அங்கிருந்து சில மைல் தள்ளியுள்ள லாவன்ஹாமுக்குப் போவோம். அங்கே தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி முதலாளி கோபுரத்துக்குக் காசு கொடுத்த கதை காத்திருக்கிறது.

(தொடரும்)